நாஹெ ஆற்றங்கரை மருந்தேடு: புனித ஹில்டெகார்டின் வைத்திய நூல்கள் யாருடையவை?

1917-இல் ஆக்ஸ்போர்டில் அறிவியல் வரலாறு குறித்த கட்டுரைத் தொகுதி ஒன்று வெளிவந்தது. அதைத் தொகுத்தவர் மருத்துவரும் வரலாற்றாசிரியருமான சார்லஸ் சிங்கர். பன்னிரண்டாம் நூற்றாண்டு ஜெர்மானியக் கன்னியர் மடத் தலைவி ஹில்டெகார்ட் பற்றித் தாமே எழுதிய நீண்ட கட்டுரை ஒன்றையும் அவர் அதில் சேர்த்தார். அந்தக் கட்டுரை இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. ஹில்டெகார்ட் கண்ட காட்சிகள் ஒற்றைத் தலைவலியின் விளைவு என்பது முதலாவது. அவர் பெயரில் வழங்கும் இரண்டு வைத்திய நூல்களும் அவர் எழுதியவை அல்ல என்பது இரண்டாவது.

முதல் தீர்ப்பு உலகப் புகழ் பெற்றுவிட்டது. 1970-இல் ஆலிவர் சாக்ஸ் ஒற்றைத் தலைவலி பற்றிய தம் நூலில் அதை எடுத்தாண்ட பிறகு, ஹில்டெகார்ட் என்றாலே கண்முன் ஒளிப்பொறி பறக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் துறவி என்றொரு சித்திரம் நிலைத்துவிட்டது. இரண்டாவது தீர்ப்பை அறிஞர்கள் பலர் மறுத்துவிட்டனர். ஆனாலும் அதன் சாயல் இன்னும் போகவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சிங்கர் செய்துவிட்ட காரியம் புரியும். நோயாளிகளைக் கவனித்த ஒரு பெண்ணின் கையிலிருந்து மருந்தேட்டைப் பிடுங்கிக்கொண்டு, அவரையே நோயாளிக் கட்டிலில் கிடத்திவிட்டார். இக்கட்டுரை மருந்தேட்டைப் பற்றியது. தலைவலியைப் பற்றியது அன்று.

சிங்கரின் ஐயம் வீண் ஐயம் என்று தள்ளிவிட முடியாது. அகத்தியர் பெயரில் எத்தனை வைத்திய நூல்கள் எந்தெந்தக் காலத்தில் எழுதப்பட்டன என்று அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரிய பெயர் இருக்கும் இடத்தில் நூல்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஹில்டெகார்ட் பெயரில் நமக்குக் கிடைப்பவை இரண்டு. ஒன்று செடி, பூதம், மரம், கல், மீன், பறவை, விலங்கு, ஊர்வன, உலோகம் என ஒன்பது பகுதிகளில் ஒவ்வொரு பொருளின் குணத்தையும் சொல்லும் நூல். இன்று ‘ஃபிசிக்கா’ எனப்படுகிறது. அந்தப் பெயர் 1533-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் யோஹான்னஸ் ஷாட் அச்சிட்டபோது வந்தது, ஹில்டெகார்ட் வைத்ததன்று. மற்றொன்று நோய்களின் காரணமும் தீர்வும் கூறும் ‘கௌசே எத் கூரே’. இதன் முழுப்படி ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருக்கிறது: கோபன்ஹேகன் நூலகத்திலுள்ள பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சுவடி. கார்ல் யெசன் 1859-இல் அதைக் கண்டெடுக்க, பவுல் கைசர் 1903-இல் பதிப்பித்தார். ஹில்டெகார்ட் இறந்தது 1179 செப்டம்பர் 17. இந்த இரு நூல்களுக்கும் அவர் வாழ்நாளில் எழுதிய படி ஒன்றுகூட இல்லை.

சிங்கர் வழியில் நின்று இவற்றை மறுப்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் சொல்லப்படும். ஒன்று, ஹில்டெகார்ட் கட்டிய ரூபர்ட்ஸ்பெர்க் மடத்திலேயே தொகுக்கப்பட்ட ‘ரீசென்கோடெக்ஸ்’ என்னும் பெருஞ்சுவடியில் இவை இல்லை. இரண்டு, நடை வேறு: காட்சி நூல்களில் வானத்துக் குரல் பேசுகிறது, இங்கே ஆட்டுக் கொழுப்பும் முட்டையும் திராட்சை ரசமும் பேசுகின்றன. மூன்று, இலத்தீனுக்கு நடுவே ஜெர்மன் சொற்கள் மண்டிக் கிடக்கின்றன. இவற்றுள் முதலாவது மட்டுமே கனமானது.

மறுப்புக்கு எதிரான அடிப்படைச் சான்று ஹில்டெகார்டின் சொந்த எழுத்திலேயே உள்ளது. ‘லிபெர் விட்டே மெரிட்டோரும்’ என்ற தம் இரண்டாவது காட்சி நூலின் முகவுரையில், 1158-இல் அதைத் தொடங்கும் முன் எட்டு ஆண்டுகள் தாம் ஈடுபட்டிருந்தவற்றை அவர் வரிசைப்படுத்துகிறார். பலவகைப் படைப்புகளின் இயல்பில் உள்ள நுட்பங்கள், சிறியோர்க்கும் பெரியோர்க்கும் எழுதிய மறுமொழிகள், இசைப்பாக்கள், யாரும் அறியாத மொழியும் அதன் எழுத்துகளும், வேறு சில விளக்கவுரைகள். வரிசையில் முதலில் நிற்பது படைப்புகளின் இயல்பு பற்றிய நூல். அந்த எட்டு ஆண்டும் தாம் பல நோய்களால் வருந்தியதாகவும் அங்கேயே சொல்கிறார்.

இதைப் பின்னாளில் யாரோ சேர்த்திருக்கலாமே என்ற கேள்விக்கும் இடம் அதிகமில்லை. இன்று பெல்ஜியத்து டெண்டர்மோண்டேயின் பெயரால் வழங்கும் சுவடியில் ‘லிபெர் விட்டே மெரிட்டோரும்’ இருக்கிறது. அது ரூபர்ட்ஸ்பெர்கில், ஹில்டெகார்ட் உயிரோடிருந்த காலத்தில் எழுதி வில்லேர் துறவியருக்கு அனுப்பியது. அவர் கண்ணெதிரே போன ஏட்டில் அவர் எழுதாத நூலை அவர் எழுதியதாகச் சேர்ப்பது எளிதன்று. அவர் வரலாற்றை எழுதி முடித்த தியோடெரிக்கும் மனிதரின் இயல்பு, பூதங்களின் இயல்பு, பலவகைப் படைப்புகளின் இயல்பு, அவற்றால் மனிதருக்கு உதவும் வழி ஆகியவற்றை அவர் வெளிப்படுத்தினார் என்று இரண்டாம் பகுதித் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். லின் தார்ண்டைக் 1923-லேயே சிங்கரோடு முரண்பட்டார். 1956-இல் எய்பிங்கன் மடத்துக் கன்னியர் மரியன்னா ஷ்ராடரும் அடெல்குண்டிஸ் ஃப்யூர்கோட்டரும் ஹில்டெகார்ட் எழுத்துகளின் உண்மைத்தன்மை பற்றித் தனி நூலே எழுதினர்.

ஆனால் இவையெல்லாம் நிறுவுவது ஒன்றைத்தான்: அப்படி ஒரு நூலை அவர் எழுதினார். நம் கையில் இருப்பது அந்த நூல்தானா? இங்கேதான் ‘ஃபிசிக்கா’வின் இரண்டாம் பகுதியில் வரும் ஓர் ஆற்றுப் பட்டியல் கவனத்துக்குரியதாகிறது. மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் தாண்டிப்போகும் இடம் அது.

பூதங்களைப் பற்றிய அந்தப் பகுதி காற்று, நீர், கடல் என்று தொடங்குகிறது. எந்த வைத்திய நூலிலும் எதிர்பார்க்கக்கூடிய தொடக்கம்தான். அடுத்து ஆறுகள் வருகின்றன. ரைன், மைன், டான்யூப், மோசெல். இவை பெரிய ஆறுகள், எவரும் சொல்லக்கூடியவை. பிறகு நாஹெ. பிறகு க்ளான். ஒவ்வொன்றின் நீரும் குடிக்க, சமைக்க, குளிக்க எப்படி, அதன் மீன் எப்படி என்பதே நூலின் கவலை. யூப்ரடீஸ், டைகரிஸ் என்று விவிலியத்து ஆறுகளை அடுக்கியிருந்தால் நூலறிவு என்று விட்டுவிடலாம். க்ளானை யார் சொல்லப்போகிறார்கள்? நாஹெயில் கலக்கும் சிறு துணையாறு அது. ஆனால் அவ்விரண்டும் கலக்கும் இடத்துக்கு மேலேயுள்ள குன்றுதான் டிசிபோடென்பெர்க். ஹில்டெகார்ட் வளர்ந்த மடம் அங்கே இருந்தது. நாஹெ கீழே இறங்கி ரைனில் கலக்கும் இடத்தில், பிங்கென் ஊருக்கு எதிரே, அவர் கட்டிய ரூபர்ட்ஸ்பெர்க் மடம் இருந்தது. முதல் வீட்டிலிருந்து இரண்டாம் வீட்டுக்குப் போகும் நீர்வழியைப் பட்டியல் கீழிருந்து மேலாகத் திருப்பிச் சொல்கிறது.

இந்தச் சான்றுக்கு எல்லை உண்டு. நாஹெப் பள்ளத்தாக்கின் நீரைக் குடித்தவர் எழுதினார் என்பதை அது காட்டும். அவர் பெயர் ஹில்டெகார்ட் என்பதைக் காட்டாது. அதே மடத்தில் அவருக்குப் பின் வாழ்ந்த ஒரு கன்னியோ, டிசிபோடென்பெர்க் துறவி ஒருவரோ எழுதியிருக்கலாம் என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் பிற்காலத்தார் எங்கோ தொகுத்த மருந்துக் களஞ்சியத்துக்குப் புனிதர் பெயரைச் சூட்டிவிட்டார்கள் என்ற கூற்று இந்தப் பட்டியலுக்கு முன் நிற்காது. முகவுரையின் சாட்சியத்தையும் இதனோடு வைத்துப் பார்த்தால், அதே மடத்தில் அதே பொருளில் இன்னொருவர் இன்னொரு நூல் எழுதினார், அது மட்டும் பிழைத்தது, ஹில்டெகார்டின் நூல் சுவடின்றி அழிந்தது என்று நம்ப வேண்டியிருக்கும். அதை நம்புவதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டும்.

ஜெர்மன் சொற்கள் பற்றிய புகார் இன்னும் விரைவில் தீர்ந்துவிடும். முகவுரை சொல்லும் ‘யாரும் அறியாத மொழி’ ஆயிரத்துச் சொச்சம் புதுச்சொற்களின் பட்டியலாக ரீசென்கோடெக்ஸிலேயே இருக்கிறது. கடவுளில் தொடங்கி மனிதர், உடல் உறுப்பு, தோல்நோய் என்று இறங்கி மரம், செடி, பறவை, பூச்சி வரை போகும் அந்தப் பட்டியலில், ஹில்டெகார்ட் புனைந்த சொல்லுக்குப் பொருள் இலத்தீனிலும் ஜெர்மனிலும் எழுதப்பட்டுள்ளது. செடிகளுக்கு வரும்போது ஜெர்மன் பெயர்களே மிகுதி. இலத்தீன் பெயர் தெரியாமலா, தோட்டத்தில் வேலை செய்வோர் வாயில் வழங்கிய பெயரே போதும் என்றா என்பது வேறு கேள்வி. தாய்மொழியில் செடியைச் சொல்வது அவர் மடத்தின் வழக்கம் என்பதற்கு, எவரும் மறுக்காத சுவடியே சாட்சி. நடை வேறுபாட்டுக்கும் இதே விடை பாதி பொருந்தும். வானத்துக் காட்சியை எழுதும் கை, வயிற்று வலிக்குக் கஷாயம் எழுதும்போதும் அதே குரலில் எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மிஞ்சுவது ரீசென்கோடெக்ஸின் மௌனம். இதை மழுப்ப முடியாது. ஏறத்தாழ 15 கிலோ எடையும் 481 ஏடுகளும் கொண்ட அந்தப் பெருஞ்சுவடியில் முகவுரைப் பட்டியலின் மற்றவை ஏறத்தாழ எல்லாமே இடம்பெறுகின்றன: கடிதங்கள், இசைப்பாக்கள், புதுமொழி, நற்செய்தி விளக்கங்கள். பட்டியலின் தலையில் நிற்கும் நூல் மட்டும் இல்லை. ஏன்?

ஒரு விடை: புனிதர் பட்டம் பெற்றுத் தரும் நோக்கில் தொகுத்ததால் மருந்துக் குறிப்புகளைத் தவிர்த்தார்கள். துறவியர் பொருளீட்ட மருத்துவம் செய்வதை 1130-களின் திருச்சபைச் சங்கங்கள், 1139-இன் இரண்டாம் லாத்தரன் சங்கம் உட்பட, கண்டித்திருந்தன; அந்தச் சூழலில் கூச்சம் இருந்திருக்கலாம். கேட்க நன்றாக இருக்கும் இந்த விடையை 1233 உடைத்துவிடுகிறது. அவ்வாண்டில் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி ஆணைப்படி மைன்ஸ் குருக்கள் நடத்திய விசாரணையின் அறிக்கை, ஹில்டெகார்டின் நூல்களுள் ‘தனிமருந்து நூல்’, ‘கூட்டுமருந்து நூல்’ என இரண்டை ஒளிவுமறைவின்றிக் குறிப்பிடுகிறது. புனிதர் பட்டத்துக்கான அறிக்கையே குறிப்பிடும் நூலை, புனிதர் பட்டத்துக்கான சுவடி மறைத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு விடை இக்கட்டுரையுடையது; ஊகம்தான். அந்த நூல் புழக்கத்தில் இருந்த ஏடு. காட்சி நூல் ஆலயத்தில் இருக்கும். மருந்து நூல் நோயாளர் அறையில் இருக்கும். அங்கே ஒவ்வொரு தலைமுறையும் ஓரத்தில் எழுதும், பக்கம் சேர்க்கும், தேவையானதைப் பிரித்தெடுக்கும். முடிந்த நூல்களை அழகாகப் படியெடுத்து அடுக்கும் ஒரு தொகுப்பில், முடியாத வேலை ஏட்டுக்கு இடமில்லாமல் போயிருக்கலாம். இதற்கு நேர்ச்சான்று கிடையாது. ஆனால் 1158-இல் ஒரு நூலாகச் சொல்லப்பட்டது 1233-இல் இரண்டாக நிற்பதற்கு இது பொருந்துகிறது. கோபன்ஹேகன் சுவடியிலும் ‘ஃபிசிக்கா’விலும் ஒரே மருந்துக் குறிப்புகள் திரும்பத் திரும்ப வருவதற்கும் பொருந்துகிறது. கோபன்ஹேகன் சுவடியின் கடைசியில், நிலவின் எந்த நாளில் கருவுற்றால் எத்தகைய பிள்ளை பிறக்கும் என்று முப்பது நாளுக்கும் பலன் சொல்லும் பகுதி இருக்கிறது. பிற்சேர்க்கை என்று பலர் கருதும் பகுதி அது. நாள்பார்த்துப் பலன் சொல்வதைக் காட்சி நூல்களில் கண்டிக்கும் ஹில்டெகார்ட் இதை எழுதினார் என்று ஏற்பது கடினம். இந்தப் பகுதியைப் பொறுத்தவரை சிங்கரின் ஐயத்துக்கு வலு உண்டு. அவர் ஒரு பகுதிக்கு உரிய ஐயத்தை முழு நூலுக்கும் நீட்டியதுதான் பிழை.

நோயாளர் அறை என்று மேலே சொன்னதற்கு ஆதாரம் வேண்டும். ஹில்டெகார்ட் மடத்தின் நோயாளர் பொறுப்பாளராக இருந்தார் என்று இன்றைய நூல்கள் பல எழுதிவிடுகின்றன. அப்படிக் கூறும் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆவணம் எதுவும் இல்லை. மருத்துவரான விக்டோரியா ஸ்வீட் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கருத்தை மருத்துவக் கண்ணோடு வலுப்படுத்தினார். அவரும் சூழலிலிருந்துதான் வாதிடுகிறார். ஹில்டெகார்டின் இளமைக்காலக் கணக்கே சீராக இல்லை. தியோடெரிக் முடித்த வரலாற்று நூலின்படி எட்டு வயதில் பெற்றோர் அவரைத் துறவுக்கு ஒப்படைத்தனர். அவரை வளர்த்த யூட்டாவின் வரலாறோ டிசிபோடென்பெர்கில் அடைபட்டது 1112 நவம்பர் 1 என்கிறது. அப்போது ஹில்டெகார்டுக்கு வயது 14. இடைப்பட்ட ஆறு ஆண்டுகள் எங்கே என்பது இன்னும் தீராத வழக்கு. 1136-இல் யூட்டா இறந்ததும் பெண்களுக்குத் தலைவியானார் என்பது மட்டும் உறுதி.

ஆனால் பதவியின் பெயர் இல்லாததால் பணியே இல்லை என்றாகிவிடாது. அவர் ஏற்ற ஒழுங்கு புனித பெனடிக்டுடையது. நம் ஊர்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று சொல்லும் அதே புனிதர். அந்த ஒழுங்கின் 36-ஆம் இயல் நோயாளரைக் கவனிப்பதை எல்லாவற்றுக்கும் முன்னே வைக்கிறது; தனி அறையும் தனிப் பணியாளரும் வேண்டும் என்கிறது; குளியலும் இறைச்சியும் நோயாளருக்கு அனுமதி. மடத் தலைவி அதற்கு நேர்ப் பொறுப்பாளி. 1177-இல் ரூபர்ட்ஸ்பெர்க் வந்த துறவி கிபெர்ட், அங்கே பணிக்கூடங்களுக்கெல்லாம் குழாய்வழி நீர் வந்ததை வியந்து எழுதியிருக்கிறார். ஆற்று நீரின் குணத்தை ஒவ்வொன்றாக எடை போட்ட நூல் எழுந்த வீட்டில் அது தற்செயலாகத் தெரியவில்லை.

மருந்துக் குறிப்புகளின் போக்கும் இதையே சொல்கிறது. ஒவ்வொரு செடியும் சூடா குளிர்ச்சியா என்பதே முதல் கேள்வி. தமிழ் வீடுகளில் பப்பாளியையும் மோரையும் பற்றிக் கேட்கும் அதே கேள்வி. (இதில் தொடர்பு தேட வேண்டாம். அங்கே வந்த வழி கிரேக்க உடல்திரவ மரபும், அரபியிலிருந்து கான்ஸ்டன்டைன் என்னும் துறவி பதினொன்றாம் நூற்றாண்டில் பெயர்த்த நூல்களும். ஹில்டெகார்ட் அவற்றை எந்த அளவு படித்தார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.) சரக்குகள் நமக்குப் பழக்கமானவை: மிளகு, இஞ்சி, சாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை, சித்தரத்தை, கிச்சிலிக்கிழங்கு. மலையாளக் கரையிலிருந்து மிளகு ரைன் கரை வரை போயிருக்கிறது. அங்கே அது மிகுந்த சூடு. அதிகம் தின்றால் கேடு. மண்ணீரல் கெட்டு உணவில் வெறுப்புக் கொண்டவருக்குச் சிறிதளவு ரொட்டியோடு கொடுக்கலாம். சித்தரத்தை நெஞ்சு வலிக்கு. கடவுள் மறுத்தாலன்றிக் குணமாகும் என்ற வாய்பாடு குறிப்புகளின் முடிவில் அடிக்கடி வரும். மருந்து பலிக்காமல் போனதைப் பார்த்த கை எழுதிய வாய்பாடு அது என்று இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

ஒரு மறுப்பு எஞ்சும். வரலாற்று நூலின் மூன்றாம் பகுதி முழுக்க அவர் தீர்த்த நோய்கள் வருகின்றன; அங்கே மூலிகை கிடையாது. ஆசி நீர், கையசைவு, சொல் இவையே தீர்க்கின்றன. லொசானிலிருந்து இரத்தப்போக்குக்கு உதவி கேட்ட சிபில்லா என்ற பெண்ணுக்குப் போனது ஒரு கடிதம் மட்டுமே. மருந்து கொடுத்த ஹில்டெகார்டை அவருடைய சொந்த வரலாறே அறியவில்லையா? புனிதர் வரலாறு புதுமைகளைத் தேடி எழுதப்படுவது. கஷாயத்தால் தீர்ந்த காய்ச்சல் அதற்கு உதவாது. ஆனாலும் ஓர் இடத்தில் கதையோட்டம் புதுமையை மீறிவிடுகிறது. 1169-இல் பேய் பிடித்தவள் என்று சொல்லப்பட்ட சிகெவிசா என்ற பெண்ணை வேறெங்கும் தீராமல் ரூபர்ட்ஸ்பெர்குக்கே கொண்டுவந்தார்கள். கன்னியர் அவளைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு, ஊராரோடு சேர்ந்து நோன்பிருந்து, செபித்து, தானமிட்டுப் பல வாரம் கவனித்தார்கள். பாஸ்கா சனிக்கிழமை அவள் தெளிந்தாள். பிறகு அந்த மடத்திலேயே சேர்ந்துகொண்டாள். ஒரே நொடியில் நிகழ்ந்த அற்புதமாக இதை எழுத வரலாற்றாசிரியருக்கு முடியவில்லை. நாட்கணக்கில் நடந்த பராமரிப்பு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது போலும்.

2012-இல் பதினாறாம் பெனடிக்ட், மே 10 அன்று ஹில்டெகார்டின் வணக்கத்தை உலகத் திருச்சபைக்கு விரித்து, அக்டோபர் 7 அன்று அவரை மறைவல்லுநர் என அறிவித்தார். அதற்கு முன்பே 1970-களிலிருந்து ஆஸ்திரிய மருத்துவர் காட்ஃபிரீட் ஹெர்ட்ஸ்கா தொடங்கிவைத்த ‘ஹில்டெகார்ட் மருத்துவம்’ ஜெர்மன் நாடுகளில் பெருவணிகமாகிவிட்டது. அச்சில் உள்ள ஒவ்வொரு வரியும் வானத்திலிருந்து அவருக்கு வந்தது என்பது அந்த வழியின் நம்பிக்கை. சிங்கர் எல்லாவற்றையும் தள்ளினார். இவர்கள் எல்லாவற்றையும் கொள்கிறார்கள். பாடபேதம் பார்க்கும் பொறுமை இரு தரப்புக்கும் இல்லை. லோரான்ஸ் மூலினியே 2003-இல் கோபன்ஹேகன் சுவடியையும், ஹில்டெபிராண்ட்டும் குளோனிங்கும் 2010-இல் ‘ஃபிசிக்கா’வையும் செம்பதிப்பாக வெளியிட்ட பிறகு அந்தப் பொறுமைக்குக் கருவி கிடைத்திருக்கிறது.

நூல் இரண்டாகப் பிரிந்தது 1158-க்கும் 1233-க்கும் இடையில் எப்போது என்பதை இந்தப் பதிப்புகளும் தீர்க்கவில்லை. அவர் உயிரோடிருந்தபோதே அவர் சொல்லிப் பிரித்தார்களா, இறந்தபின் மடத்தார் பிரித்தார்களா என்பதற்கு இருபுறமும் வாதம் உண்டு. 1233-க்கு முந்திய சாட்சி ஒன்று கிடைக்கும்வரை இரண்டையும் திறந்தே வைக்க வேண்டும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ‘ஃபிசிக்கா’வின் ஃபுளோரன்ஸ், வோல்ஃபன்பியூட்டல் சுவடிகளில் உள்ள ஜெர்மன் செடிப்பெயர்களை, ரீசென்கோடெக்ஸின் புதுமொழிப் பட்டியலில் உள்ளவற்றோடு செடி செடியாக எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். பொருந்தும் பெயர்கள் பழைய ஏட்டுக்கு அருகில் நிற்பவை. பொருந்தாதவற்றிலிருந்து பிற்சேர்க்கைகளைத் தேடத் தொடங்கலாம்.